முடிவு தெரிந்த பின்னும் நான் திரும்பிப் பார்க்கும் த்ரில்லர்கள்

கேள்வி: த்ரில்லர் படங்களை ஒருமுறை பார்த்துவிட்டால் மறுமுறை பார்ப்பதற்கு அதில் என்ன மிச்சம் இருக்கிறது? முடிவு தெரிந்த பிறகும் உங்களை உட்கார வைத்த த்ரில்லர்கள், குடும்பப் படங்கள் எவை?

கேள்வியே முடிவைப் பற்றியது என்பதால், கீழே வரும் படங்களின் முடிவுகளை மறைக்காமல் எழுதியிருக்கிறேன். இன்னும் பார்க்காதவர்கள் படத்தின் பெயரைப் பார்த்ததும் அந்தப் பத்தியைத் தாண்டிச் செல்லலாம். நான் திரைத்துறையைச் சேர்ந்தவன் அல்லன். வேலை முடிந்து வீடு திரும்பிய பின் படம் பார்க்கிற சாதாரண ரசிகன். ஆகவே இவற்றை விமர்சனமாகக் கொள்ளாமல் ஒரு ரசிகனின் விருப்பு வெறுப்பாகக் கொள்ளவும்.

பள்ளி விடுமுறையில் ஒரு நாள் பகலில் தொலைக்காட்சியில் ‘அந்த நாள்’ போட்டார்கள். துப்பாக்கி வெடித்துச் சிவாஜி கணேசன் சரிந்து விழுந்த சில நிமிடங்களில், ஈசிசேரில் சாய்ந்திருந்த அப்பா, “பெண்டாட்டிதான்டா காரணம்” என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளுக்குள் மறைந்துகொண்டார். அன்று இரவு வரை நான் அவரோடு பேசவில்லை. ஆனால் படத்தை விட்டு எழவும் முடியவில்லை. கொன்றது யார் என்ற கேள்வி கைநழுவிப் போன பிறகு, பண்டரிபாய் திரையில் வரும்போதெல்லாம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கணவனை இழந்த துக்கம் எது, உண்மையை அடக்கி வைத்திருக்கும் பாரம் எது என்று பிரித்தறிய முயல்வதே எனக்குப் படமாகிவிட்டது. அப்பா சொல்லாமல் இருந்திருந்தால், மற்ற எல்லோரையும் போல நானும் தம்பியையும் பக்கத்து வீட்டுக்காரரையும் சந்தேகித்துக்கொண்டு அந்த முகத்தைத் தவறவிட்டிருப்பேன்.

வீணை எஸ். பாலசந்தர் இயக்கி ஏவி.எம். தயாரித்து 1954-இல் வெளிவந்த அந்தப் படத்தில் பாட்டு ஒன்றுகூட இல்லை என்பதைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, கொலை நடக்கும் நேரம். 1943 அக்டோபரில் சென்னையில் ஜப்பானிய விமானம் குண்டு வீசிய அந்தச் சூழலில் கதை நிகழ்கிறது. இறந்தவன் எதிரிக்குத் தகவல் விற்றவன். அவன் மனைவியோ தேசப்பற்று மிக்கவள். ஒவ்வொருவரும் தம் பார்வையில் நடந்ததைச் சொல்லும் முறையைக் கொண்டு இதை ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் ‘ராஷோமான்’ படத்தோடு ஒப்பிடுவது வழக்கம். அங்கே கடைசிவரை உண்மை பிடிபடுவதில்லை. இங்கே உண்மை பிடிபட்டுவிடுகிறது, பிடிபட்டதால் யாருக்கும் நிம்மதி கிடைப்பதில்லை. இரண்டாவது வகையே எனக்கு அதிகம் வலிக்கிறது என்று சொன்னால் உலக சினிமா நண்பர்கள் அடிக்க வருவார்கள்.

‘புதிய பறவை’யும் (1964) இந்தக் கணக்கில் வரும் படம்தான். ஒரு வங்காளப் படத்தின் தழுவல் அது. பெரும்பாலோர் பாட்டுக்காகப் பார்க்கிறார்கள். ஆனால் காதலியும் அவள் தந்தையுமாக வந்து சேர்ந்தவர்கள் காவல்துறையைச் சேர்ந்தவர்கள் என்று தெரிந்துகொண்டு மறுமுறை பார்த்தால், சரோஜாதேவியின் ஒவ்வொரு சிரிப்புக்கும் இரண்டு பொருள் இருக்கிறது. எங்கே அவர் வேலையைச் செய்கிறார், எங்கே உண்மையாகவே மனம் இளகிவிட்டது என்பதை முதல்முறை பார்க்கிறவரால் கேட்கக்கூட முடியாது.

கடைசிப் பத்து நிமிடத் திருப்பத்துக்காகவே கட்டப்பட்ட படங்களிடம் எனக்கு இந்த அனுபவம் கிடைப்பதில்லை. திரையரங்கில் முதல்முறை கைதட்டியிருப்பேன். வீட்டில் மறுமுறை பார்க்கும்போது, இந்தக் காட்சியில் இவன் ஏன் இப்படிப் பேசுகிறான் என்றால் என்னை ஏமாற்றுவதற்காக மட்டுமே என்று தெரியும். அதாவது அவன் எதிரில் இருக்கும் பாத்திரத்திடம் பேசவில்லை, டிக்கெட் வாங்கிய என்னிடம் பேசியிருக்கிறான். இதற்கு நேர்மாறாக நடந்துகொண்டவர் ஹிட்ச்காக். ‘வெர்டிகோ’வில் (1958) இன்னும் கணிசமான படம் மீதமிருக்கும்போதே, நாயகி எழுதும் கடிதத்தின் வழியாக முழு இரகசியத்தையும் நம்மிடம் ஒப்படைத்துவிடுகிறார். நாயகனுக்குத் தெரியாதது நமக்குத் தெரிந்துவிட்டதால், அதன் பிறகு அவன் அவளுக்குப் புடவை வாங்கிக் கொடுப்பது போல ஆசையாக உடை தேர்ந்தெடுக்கும் காட்சிகள்கூட அச்சமூட்டுகின்றன.

எல்லாவற்றிலும் நான் அதிகமுறை பார்த்தது குரோசாவா 1963-இல் எடுத்த ‘ஹை அண்ட் லோ’. ஜப்பானியத் தலைப்புக்குச் சொர்க்கமும் நரகமும் என்று பொருள். யோகோஹாமாவில் மேட்டின்மேல் இருக்கும் மாளிகையில் வாழும் கோண்டோ, தான் வேலை செய்யும் காலணி நிறுவனத்தைக் கைப்பற்றுவதற்காகச் சொத்தையெல்லாம் அடகு வைத்துப் பணம் திரட்டியிருக்கிறார். அந்த நேரத்தில் உன் மகனைக் கடத்திவிட்டேன், 3 கோடி யென் கொடு என்று தொலைபேசி வருகிறது. கொடுத்துவிடுகிறேன் என்கிறார். சற்று நேரத்தில் மகன் உள்ளே நடந்து வருகிறான். கடத்தப்பட்டது காரோட்டியின் மகன். இப்போது கொடுப்பாரா?

படத்தின் முதல் ஐம்பது நிமிடங்களுக்கு மேல் கிட்டத்தட்ட அந்த ஒரே வரவேற்பறைக்குள் நடக்கிறது. கீழேயிருந்து கடத்தல்காரன் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்பதால், திரைச்சீலை திறந்திருக்கும் வேளையில் காவலர்கள் நாற்காலிகளுக்குப் பின்னால் பதுங்கிக் கிடக்கிறார்கள், காரோட்டி மூலையில் கூனிக் குறுகி நிற்கிறார், மனைவி கெஞ்சுகிறார். இது த்ரில்லரா, குடும்ப நாடகமா என்று என்னால் சொல்ல முடியவில்லை. பணம் கொடுப்பார் என்று தெரிந்து பார்க்கும்போதுதான், அவர் முடியாது என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் குரல் எவ்வளவு பலவீனமாகிறது என்பது காதில் விழுகிறது. பின்னர்ப் பணப்பைக்குள் அடையாளப் பொருளை மறைத்துத் தைக்க வேண்டும் என்று காவலர்கள் சொல்ல, கோண்டோ தம் பழைய செருப்புத் தைக்கும் கருவிகளை எடுத்து வந்து தரையில் உட்கார்ந்து தாமே தைக்கத் தொடங்குவார். நிறுவனத்தின் அதிகாரி மறைந்து, தொழில் கற்றுக்கொண்ட பையன் வெளியே வருகிற அந்த ஒரு நிமிடத்துக்காகவே நான் படத்தைத் திரும்பப் போடுவதுண்டு. ஓடும் இரயிலில் ஏழு சென்டிமீட்டர் மட்டுமே திறக்கும் கழிவறைச் சன்னல் வழியே பணம் வெளியே போகும் பரபரப்பு எல்லோரும் புகழ்வது. பைக்குள் தைத்த அந்தப் பொருள் எரிந்து, கறுப்பு வெள்ளைப் படத்தில் திடீரென இளஞ்சிவப்புப் புகை எழுவதும் அப்படியே. நான் அவற்றைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஊசியும் நூலும் பிடித்த அந்தக் கைக்குப் பிறகுதான் அவற்றுக்கு இடம்.

பாங் ஜூன்-ஹோ இயக்கிய தென்கொரியப் படம் ‘மெமரீஸ் ஆஃப் மர்டர்’ (2003) வேறுவிதமாக மாறிய படம். இங்கே மாறியது வரலாறு. 1986 முதல் 1991 வரை ஹ்வாசோங் பகுதியில் நடந்த தொடர்கொலைகளை வைத்து எடுத்தபோது குற்றவாளி யாரென்று யாருக்கும் தெரியாது. பல ஆண்டுகளுக்குப் பிறகு, வேலையை விட்டுவிட்ட பழைய துப்பறியும் காவலர், முதல் உடல் கிடைத்த வாய்க்காலைக் குனிந்து பார்க்கிறார்; உங்களைப்போல இன்னொருவரும் வந்து பார்த்தார், சாதாரண முகம்தான் என்று ஒரு சிறுமி சொல்கிறாள்; சாங் காங்-ஹோ நிமிர்ந்து நம்மை நேராகப் பார்ப்பதோடு படம் முடிகிறது. கொலைகாரன் திரையரங்குக்கு வந்து உட்காரக்கூடும் என்று நினைத்தே இயக்குநர் அந்தப் பார்வையை வைத்தார். 2019-இல் மரபணுச் சோதனை வழியாக ஆள் அடையாளம் காணப்பட்டான். வேறொரு கொலைக்காக ஏற்கெனவே ஆயுள் தண்டனையில் இருந்தவன். அந்தப் படத்தைச் சிறையில் பார்த்ததாகவும் தனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்றும் அவன் நீதிமன்றத்தில் சொன்னான்.

இதைத் தெரிந்துகொண்டு மறுபடி பார்த்தபோது என்னை உறுத்தியது கடைசிப் பார்வை அல்ல. முதல் பாதியின் நகைச்சுவை. சந்தேகத்துக்கு உள்ளானவர்களை உதைத்துப் பொய் வாக்குமூலம் வாங்கும் காட்சிகளுக்கு நான் முன்பு சிரித்திருக்கிறேன். உண்மையில் அந்தக் கொலைகளில் ஒன்றுக்காக நிரபராதி ஒருவர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறையிலிருந்தார். 2020-இல்தான் விடுதலைத் தீர்ப்பு வந்தது. வெற்றிமாறனின் ‘விசாரணை’யைப் பார்த்தவர்களுக்கு, அடி விழும் அந்த அறை எந்த நாட்டில் இருந்தாலும் ஒன்றுதான் என்பது புரியும். விசாரணையில் சிரிக்க இடமே வைக்கவில்லை. அதனால் அதை நான் மிகவும் மதிக்கிறேன், மறுமுறை பார்க்கும் துணிவு மட்டும் இன்னும் வரவில்லை.

ஒரு கொலை வழக்கின் தீர்ப்புக்காகப் பன்னிரண்டு ஜூரிகள் ஓர் அறைக்குள் வாதிடும் சிட்னி லூமெட்டின் ‘12 ஆங்ரி மென்’ (1957) பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். அடுத்த முறை பார்க்கும்போது கேமரா எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதை மட்டும் கவனியுங்கள். தொடக்கத்தில் தலைக்கு மேலிருந்து பார்ப்பது, மெல்லத் தாழ்ந்து, கடைசியில் கூரை தெரியும்படி கீழே வந்துவிடும்.

துப்பாக்கியும் கொலைகாரனும் இல்லாமலே நகம் கடிக்க வைத்த படம் அஸ்கர் ஃபர்ஹாதியின் ஈரானியப் படமான ‘எ செபரேஷன்’ (2011). மறதி நோயால் பாதிக்கப்பட்ட தந்தையைப் பார்த்துக்கொள்ள வந்த பணிப்பெண்ணை, கோபத்தில் வாசற்கதவுக்கு வெளியே தள்ளுகிறான் நாதர். அவளுடைய கரு கலைகிறது. அவள் கர்ப்பிணி என்பது அவனுக்குத் தெரியுமா தெரியாதா என்பதில்தான் வழக்கே நிற்கிறது. முதல்முறை பார்க்கும்போது, அதைப் பற்றிய பேச்சு நடந்தபோது அவன் அருகில் இருந்தானே என்பதை நான் மறந்துவிட்டேன். அவனோடு சேர்ந்து நானும் தெரியாது என்று சாதித்தேன். மறுமுறை அந்த இடம் வரப்போகிறது என்று காத்திருந்து பார்த்தால், அது ஒளித்து வைக்கப்படவே இல்லை. வேறு பரபரப்பில் இருந்ததால் நாம்தான் கவனிக்கவில்லை. பணிப்பெண் தெருவைக் கடக்கும் காட்சியையோ இயக்குநர் பாதியில் வெட்டிவிடுகிறார். அங்கே நடந்தது வெகுநேரம் கழித்தே தெரியவருகிறது. முதலாவது நம் கவனக்குறைவு, இரண்டாவது இயக்குநரின் மறைப்பு. முதலாவதற்குத்தான் என் ஓட்டு.

கடைசியாக, எங்கள் வீட்டில் இன்னும் தீராத சண்டை ஒன்று: ஜீத்து ஜோசப்பின் ‘த்ரிஷ்யம்’ (2013) பெரிதா, அவரே தமிழில் எடுத்த ‘பாபநாசம்’ (2015) பெரிதா? கொலை எப்படி நடந்தது என்பதை நம் கண்முன்னே காட்டிவிட்டு, உடல் எங்கே என்பதை மட்டும் கடைசிவரை வைத்துக்கொண்ட கதை. மலையாளப் படம் தொடங்குவதே நாயகன் புதிய காவல் நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் காட்சியில்தான். விடையின்மேலேயே நம்மை உட்கார வைத்துவிட்டுக் கதையைத் தொடங்கிய துணிச்சலை மறுமுறை பார்ப்பவர்தான் இரசிக்க முடியும். நெல்லை வட்டாரப் பேச்சுக்காகவும், காசை எண்ணிச் செலவழிக்கும் அந்தக் குடும்பத்தின் முதல் பாதிக்காகவும் என் மனைவி பாபநாசத்தின் பக்கம். நானோ இறந்த பையனின் பெற்றோரைச் சந்திக்கும் காட்சிக்காக மலையாளத்தின் பக்கம். கமல் அங்கே உடைந்து அழுகிறார். அது பெரிய நடிப்புதான். மோகன்லால் அவ்வளவு தருவதில்லை. அவர் மன்னிப்புக் கேட்கிறாரா, அப்போதும் கணக்குப் போட்டுத்தான் பேசுகிறாரா என்று நான்கு முறை பார்த்தும் எனக்குத் தெரியவில்லை. போன மாதம் ஐந்தாவது முறை போட்டேன். அந்தக் காட்சி வந்ததும் மனைவி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.