மாணவர் ரோபோட்டிக்ஸ் போட்டிக்கு எந்த ஊர்? தூரத்துக் குழுவிலிருந்து கணக்குப் போடுங்கள்

கேள்வி: நாட்டளவிலும் உலக அளவிலும் நடக்கும் பெரிய மாணவர் ரோபோட்டிக்ஸ் போட்டிகளுக்கு ஊரை எதை வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்? மலேசியாவில் எந்த ஊர் பொருத்தமாக இருக்கும்?

பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ரோபோட்டிக்ஸ் குழுவுக்குப் பொறுப்பாசிரியராக இருக்கிறேன். என் பதில் அங்கிருந்துதான் வருகிறது. பெரிய மண்டபம் எந்த ஊரில் இருக்கிறது என்று தேடுவது இரண்டாவது வேலை. வந்து சேர மிகவும் சிரமப்படும் குழு எது, அது வந்து தங்கி ஆடிவிட்டுப் போக முடியுமா என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

உலகப் போட்டிகளில் இரண்டு வழக்கம் உண்டு. ஒன்று, ஒரே ஊரில் பல ஆண்டுகள் நடத்துவது. ஃபர்ஸ்ட் சாம்பியன்ஷிப் என்னும் மாணவர் ரோபோட்டிக்ஸ் போட்டி இப்போது அமெரிக்காவின் ஹூஸ்டனில் நடக்கிறது. அதற்கு முன் பல ஆண்டுகள் செயின்ட் லூயிஸில், அதற்கும் முன் அட்லாண்டாவில் நடந்தது. வெக்ஸ் என்னும் இன்னொரு ரோபோட்டிக்ஸ் உலகப் போட்டியும் அமெரிக்காவின் லூயிவில்லில் சில ஆண்டுகள் இருந்து டாலஸுக்குப் போனது. பிரம்மாண்டமான கண்காட்சி மண்டபம், நடக்கும் தூரத்தில் ஹோட்டல்கள், பெரிய விமான நிலையம் மூன்றும் சேர்ந்து அமையும் ஊர்கள் குறைவு என்பதால் இப்படி. ஆண்டுக்கு ஆண்டு அதே மண்டபத்தில் நடத்தினால் ஏற்பாட்டாளர்களுக்கு எந்த மூலையில் மின்சாரம் போதாது என்பது வரை தெரிந்திருக்கும். ஆனால் தூரத்துப் பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் அதே நீண்ட பயணச் செலவைச் சுமக்க வேண்டும்.

இரண்டாவது வழக்கம், உலக ரோபோ ஒலிம்பியாட் செய்வது. 2004இல் சிங்கப்பூரில் தொடங்கிய அந்தப் போட்டியின் இறுதிச் சுற்று நாடு நாடாகச் சுற்றுகிறது. 2012இல் கோலாலம்பூருக்கு வந்தது. அப்புறம் சோச்சி, புது தில்லி, டோர்ட்முண்ட், பனாமா, இஸ்மிர் என்று போய் 2025இல் மறுபடி சிங்கப்பூர். எனக்கு இந்த முறைதான் நியாயமாகப் படுகிறது. தூரத்தின் பாரம் எல்லார் தோளிலும் மாறி மாறி விழுகிறது.

உலகப் போட்டியென்றால் விசாவைப் பார்க்காமல் ஊரை அறிவிக்கவே கூடாது. 2017இல் வாஷிங்டனில் நடந்த ஃபர்ஸ்ட் குளோபல் போட்டிக்கு 150க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து குழுக்கள் போயின. ஆப்கானிஸ்தானின் ஹெராத்திலிருந்து ஆறு பெண் பிள்ளைகள், விசா நேர்காணலுக்காக இரண்டு முறை காபூல் வரை போனார்கள். இரண்டு முறையும் அமெரிக்கா விசா மறுத்துவிட்டது. செய்தி உலகம் முழுக்கப் பரவிய பிறகு, கடைசி நேரத்தில்தான் அனுமதி கிடைத்தது. நுழைய முடியாத ஊரில் எவ்வளவு பெரிய மண்டபம் இருந்து என்ன பயன்? மலேசியாவுக்கு விசா இல்லாமலே பல நாட்டவர் வரலாம். இந்த விஷயத்தில் நம் நாடு முன்வரிசையில் நிற்கிறது.

சரி, மண்டபத்துக்கு வருவோம். பரப்பளவைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள், வெளிச்சத்தை யாரும் கேட்பதில்லை. கோடு பார்த்து ஓடும் சிறிய ரோபோக்கள் வண்ண உணரியை நம்பியே ஓடுகின்றன. தரையில் பட்டுத் திரும்பும் ஒளியின் அளவை வைத்துத்தான் அந்த உணரி கறுப்பு, வெள்ளை என்று பிரித்துச் சொல்லும். ஒரு போட்டியில் எங்கள் மேசை கண்ணாடிச் சன்னல் பக்கம் அமைந்தது. காலைப் பயிற்சியில் ரோபோ அழகாக ஓடியது. பதினொரு மணி வாக்கில் வெயில் சாய்வாக ரோபோ ஓடும் ஆட்டப் பாயில் பாதியை மட்டும் தொட்டது. அந்த எல்லையைத் தாண்டியதும் ரோபோ கோட்டை விட்டுவிட்டு நின்ற இடத்திலேயே சுற்ற ஆரம்பித்தது. நாலாம் ஆண்டுப் பெண் ஒருத்தி கோப்பு அட்டையைக் கையில் பிடித்து நிழல் கொடுத்துக்கொண்டே மேசையோரமாக நடந்து, எங்கெங்கே அளவு மாறுகிறது என்று மறு கையால் எழுதிக்கொண்டாள். கெட்டிக்காரி! ஆனால் பத்து வயதுப் பிள்ளை செய்ய வேண்டிய வேலையா அது? திரைச்சீலையும் ஒரே சீரான விளக்கும் இருக்கிற மண்டபம் வேண்டும்.

சமதளமான தரையும், ஒவ்வொரு குழுவின் மேசைக்கும் மின்கலத்துக்கு மின்னேற்றும் இணைப்பும் வேண்டும். நூற்றுக்கணக்கான ரோபோக்கள் ஒரே நேரத்தில் கம்பியில்லா இணைப்பில் பேசும்போது ஒன்றையொன்று குழப்பாத ஏற்பாடும் கட்டாயம். இவை எல்லாம் கோலாலம்பூரின் பெரிய மாநாட்டு மையங்களில் கிடைக்கும், பினாங்கிலும் கிடைக்கும்.

படுக்க இடம்தான் பிரச்சினை. எங்கள் பிள்ளைகளின் பெற்றோரில் பலர் செம்பனைத் தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் வேலை செய்கிறார்கள். தலைநகரில் போட்டியென்றால் பெற்றோர் ஆசிரியர் சங்கம் பேருந்துக்கு மட்டுமே பணம் திரட்ட முடிகிறது. அறை எடுக்க மிச்சம் இருக்காது. அதனால் விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பி, நெடுஞ்சாலையில் தாப்பா ஓய்விடத்தில் பசியாறிவிட்டு, தூக்கக் கலக்கத்தோடு பிள்ளைகள் மேசைக்கு வருவார்கள். பக்கத்து மேசைக் குழு முதல் நாளே வந்து பயிற்சி செய்துவிட்டுத் தூங்கி எழுந்து வந்திருக்கும். இது திறமையின் வித்தியாசம் அல்ல, தூக்கத்தின் வித்தியாசம்.

ஆகவே நாட்டளவிலான போட்டிக்கு நான் சொல்லும் ஊர் பேராக்கின் தென்கோடியில் இருக்கும் தஞ்சோங் மாலிம். சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் அங்கே இருக்கிறது. 1922இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கிய இடம். பல்கலைக்கழக விடுமுறையில் மாணவர் விடுதிகளைத் திறந்துவிட ஏற்பாடு செய்தால், பிள்ளைகள் ஹோட்டல் செலவில்லாமல் முதல் நாளே வந்து தங்கலாம். ஆசிரியராகப் போகிறவர்கள் தொண்டர்களாக நிற்கலாம். வடக்கிலிருந்து வருகிறவர்களுக்கு மின்ரயில் நிற்கும் நிலையம் இருக்கிறது, தலைநகரிலிருந்து கொமுட்டர் ரயில் வருகிறது. சபா, சரவாக் குழுக்கள் தலைநகருக்குத் தெற்கே சிப்பாங்கில் உள்ள விமான நிலையத்தில் இறங்கி, மேலும் நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். உபரி லித்தியம் மின்கலங்களை விமானத்தில் கைப்பையில்தான் எடுத்துவர வேண்டும் என்பதால், பெட்டி பிரிக்கும் வேலையும் அவர்களுக்கு அதிகம். ஏற்பாட்டாளர்கள் விமான நிலையத்துக்கே பேருந்து அனுப்புவது கடமை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கூச்சிங்கிலோ கோத்தா கினபாலுவிலோ நடத்தி, தீபகற்பக் குழுக்கள் பறந்து போகட்டும்.

உலகப் போட்டி என்றால் தஞ்சோங் மாலிம் தாங்காது. அதற்குக் கோலாலம்பூர்தான், பினாங்கை இரண்டாவதாக வைப்பேன்.

தேதியும் ஊரோடு சேர்ந்ததுதான். ஆண்டுக் கடைசியில் கிழக்குக் கரையில் வெள்ளம் வரும் மாதங்களில் கிளந்தான், திரங்கானு குழுக்களால் கிளம்பவே முடியாமல் போகலாம். 2015, 2019 போலப் புகைமூட்டம் மோசமாகிப் பள்ளிகளையே மூடிய ஆண்டுகளும் உண்டு. நோன்பு மாதம், தீபாவளி வாரம் இரண்டையும் தவிர்த்து, பள்ளித் தவணை தொடங்கும்போதே ஊரையும் தேதியையும் அறிவித்துவிட்டால், எங்களைப் போன்ற பள்ளிகள் நன்கொடை கேட்டுக் கடிதம் எழுதவாவது நேரம் கிடைக்கும்.