சத்தமாகப் பேசினால் கோபக்காரியா?

சென்னையில் மீன்பிடித் துறைமுகம் இருக்கும் காசிமேட்டில் வளர்ந்த நீங்கள், ‘நான் பயந்த சுபாவம், ஆனால் கிண்டி ஆபீஸில் எல்லோரும் கோபக்காரி என்கிறார்கள்’ என்று வருந்தி எழுதியிருந்தீர்கள். உங்களுக்குள் இருக்கும் பயத்தை அவர்களால் பார்க்க முடியாது. பதற்றம் போன்ற மனதுக்குள் நடக்கும் விஷயங்களை நாமே சரியாகச் சொல்கிறோம், அறிவுத்திறன் போன்றவற்றை நண்பர்கள் நம்மைவிடச் சரியாகக் கணிக்கிறார்கள் என்று உளவியலாளர் சிமின் வசீர் 2010-இல் எழுதினார். ஆனால் உங்கள் குரல் அடுத்தவர் காதில் எப்படி விழுகிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். மீன் ஏலக் கூச்சலுக்கு நடுவே பேசிப் பழகிய தொண்டை, ஏசி அறையில் அதட்டலாகத்தான் கேட்கும். அதற்காக ஒருவரைக் கோபக்காரி என்று முத்திரை குத்துவது அநியாயம்.

சரி, ஒன்று செய்யுங்கள். நம்பிக்கையான ஒருவரிடம் ‘நான் எப்படிப்பட்டவள்?’ என்று கேட்காமல், ‘நேற்று மீட்டிங்கில் எந்த இடத்தில் நான் கோபப்பட்டதுபோல் இருந்தது?’ என்று கேளுங்கள். அப்புறம், அந்த நேரம் பயமாக இருந்தது என்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.