‘டிக் டிக்’ சத்தம் போடும் கம்ப்யூட்டரை ஃபார்மட் பண்ணலாமா?

கேள்வி: தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். மூன்று வருடத்துக்கு முன் டவுன் கடையொன்றில் பாவித்த கம்ப்யூட்டர் வாங்கினோம். இப்போது ஆன் ஆகவே பத்து நிமிடம் எடுக்கிறது. பெட்டிக்குள் ‘டிக் டிக்’ என்று சத்தம். கடைக்காரர் வைரஸ் என்கிறார். ஃபார்மட் பண்ணி விண்டோஸ் போட்டால் சரியாகிவிடுமாம். மகளின் உயர்தரப் பாடக் குறிப்புகளும் காலமான அம்மாவின் படங்களும் அதில்தான் இருக்கின்றன. ஃபார்மட் பண்ணவா, புதுக் கம்ப்யூட்டர் வாங்கவா?

பதில்: இரண்டும் வேண்டாம். முதலில் கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைக் கழற்றி வையுங்கள்.

வைரஸ் சத்தம் போடாது. படங்களும் குறிப்புகளும் பதிந்திருக்கும் ஹார்ட் டிஸ்க்கில், சுழலும் தட்டின் மேல் ஒரு சின்னத் தலை நகர்ந்து நகர்ந்து படிக்கும். படிக்க முடியாமல் அது திரும்பத் திரும்ப முயலும்போதுதான் அந்த ‘டிக்’ கேட்கிறது. அந்த டிஸ்க்கிலேயே விண்டோஸ் போட்டால், அம்மாவின் படங்கள் இருந்த இடத்தின் மேல் புதிதாக எழுதிவிடும். அப்புறம் யாராலும் மீட்க முடியாமல் போகலாம். டிஸ்க்கைச் சோதித்துச் சரிபார்க்கும் விண்டோஸ் கருவியான ‘செக் டிஸ்க்’ ஓட்டுவதும் இப்போது கூடாது; சாகப்போகும் டிஸ்க்கை அது இன்னும் வாட்டும்.

கடையில் டிஸ்க்கைக் கழற்றி, நல்ல கம்ப்யூட்டர் ஒன்றில் இரண்டாவது டிஸ்க்காகப் பொருத்தி, படங்களையும் குறிப்புகளையும் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கச் சொல்லுங்கள். பக்கத்திலேயே இருங்கள். ஒரு ஃபோல்டரில் சிக்கினால் அதை விட்டு அடுத்ததுக்குப் போகட்டும். டிஸ்க்கே தெரியவில்லை என்றால் அதோடு நிறுத்துங்கள். மேற்கொண்டு தரவு மீட்பவரிடம்தான் போக வேண்டும். டிஸ்க்கின் மூடியைத் திறக்கக் கடையில் யாரையும் விடாதீர்கள்.

படங்கள் கைக்கு வந்த பிறகு, ‘கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ’ என்ற இலவச மென்பொருளில் டிஸ்க்கின் நிலையைப் பார்க்கலாம். டிஸ்க்கில் பழுதான இடங்களைக் காட்டும் 05, C5, C6 வரிசைகளின் கடைசி எண்கள் பூச்சியமாக இல்லாமல் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் முடிந்தது. C7 மட்டும் ஏறினால் பெரும்பாலும் டிஸ்க்கை இணைக்கும் கேபிள்தான் கோளாறு. அதை மாற்ற அதிகம் செலவாகாது. உங்கள் சத்தத்துக்குக் கேபிள் காரணமாக இருக்காது என்றே நினைக்கிறேன்.

மற்றப் பாகங்கள் நன்றாக இருந்தால் புதுக் கம்ப்யூட்டர் தேவையில்லை. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி ஒன்று போதும்; இது சுழலும் தட்டு இல்லாத, கேபிளில் பொருத்தும் டிஸ்க். மகளின் படிப்புக்கு 240 ஜிபி தாராளம். மதர்போர்டிலேயே நேராகச் சொருகும் எம்.2 வகையைத் தந்தால் வாங்காதீர்கள், பழைய மதர்போர்டுகள் பலவற்றில் அதற்கு இடமே இருக்காது. விலை குறைவு என்று பாவித்த ஹார்ட் டிஸ்க்கைக் காட்டினால், காசு கொடுக்குமுன் அதே மென்பொருளில் ஓடிய மணிநேரத்தைப் பாருங்கள். 8,760 மணி என்றால் நிற்காமல் ஒரு முழு வருடம் ஓடியிருக்கிறது.

பில்லில் சீரியல் இலக்கத்தையும் வாரண்டிக் காலத்தையும் எழுதி வாங்குங்கள். ஏமாற்றினால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடலாம். அங்கே பேச அந்த பில்தான் உங்களுக்குக் கைகொடுக்கும். பழைய டிஸ்க்கைக் கடையில் விட்டு வராதீர்கள், உங்கள் குடும்பப் படங்கள் அதில் இருக்கின்றன.

இன்னொன்று: ஏப்ரலிலும், ஒக்டோபர் நவம்பரிலும் மலைநாட்டில் பின்னேரங்களில் இடி இறங்கும். வானம் கறுத்ததும் பிளக்கையும் ரவுட்டர் வயரையும் கழற்றிவிடச் சொல்லி மகளைப் பழக்குங்கள். குறிப்புகளை வாரம் ஒருமுறை பென் டிரைவில் ஏற்றி, அதைக் கம்ப்யூட்டரில் சொருகி வைக்காமல் அலுமாரியில் வைக்கட்டும்.