ஒரு பக்கத்துக்குத் தமிழ் இல்லை

கேள்வி: இந்தியாவில் அடிப்படை உரிமைகளை வடிவமைத்த வழக்குகளில், சாதாரண மனிதருக்கு நேரடியாகப் பயன்பட்டது எது? உங்கள் அனுபவத்திலிருந்து சொல்ல முடியுமா?

பலரும், அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றமும் மாற்ற முடியாது என்ற கேசவானந்த பாரதி வழக்கைச் சொல்வார்கள். அடுத்து மேனகா காந்தி வழக்கு, இப்போது தனியுரிமை பற்றிய புட்டசாமி வழக்கு. மூன்றுமே பெரிய தீர்ப்புகள், மறுப்பில்லை. ஆனால் வழக்கறிஞர் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து நான் அதிகமாகப் புரட்டியது ஹரிகிஷன் எதிர் மகாராஷ்டிர அரசு என்ற 1962-ஆம் ஆண்டுத் தீர்ப்பைத்தான். சட்டக் கல்லூரியில் அது எங்களுக்கு அரைப் பத்தி. அதன் அருமை எனக்கு உறைத்தது ஒரு அம்மா கொண்டுவந்த பிளாஸ்டிக் பையிலிருந்து.

அப்போது நான் ஜூனியர். சீனியர் அதிகமாகப் பார்த்தது ஆட்கொணர்வு மனுக்கள், அதாவது குண்டர் சட்டத்தில் அடைக்கப்பட்டவர்களை வெளியே எடுக்கும் வழக்குகள். சட்டத் துறைக்கு வெளியில் இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். குண்டர் சட்டம் என்று நாம் சொல்வது 1982-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம் 14. இதில் ஆணை போடுவது நீதிபதி இல்லை. மாவட்ட ஆட்சியரோ மாநகரக் காவல் ஆணையரோ போடுவார். விசாரணை கிடையாது, சாட்சி கிடையாது, குறுக்கு விசாரணை கிடையாது. இனிமேல் இந்த ஆள் பொது ஒழுங்கைக் கெடுத்துவிடுவார் என்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட்டால் போதும், பன்னிரண்டு மாதம் வரை உள்ளே வைக்கலாம். இடையில், ஆணை சரியா என்று பார்க்கும் அறிவுரைக் கழகம் என்ற குழுவின் முன் நிறுத்துவார்கள். அங்கே வழக்கறிஞரை வைத்து வாதாடும் உரிமை அவருக்கு இல்லை. அரசியலமைப்பின் 22-ஆவது உறுப்பே அப்படித்தான் சொல்கிறது.

அப்படியானால் உள்ளே இருப்பவர் கையில் என்னதான் இருக்கிறது? ஒரே ஒரு காகிதம். "நான் இதைச் செய்யவில்லை, இந்தக் காரணம் தவறு" என்று அரசுக்கு அவர் எழுதும் முறையீடு. அதை எழுத வேண்டுமானால் தன்னை ஏன் அடைத்தார்கள் என்பது அவருக்கு முதலில் புரிய வேண்டும்.

அந்த அம்மாவின் மகனுக்கு இருபத்துச் சொச்சம் வயது. இரண்டு பழைய வழக்குகள், ஒரு புதிய அடிதடி வழக்கு. எங்கள் பேச்சில் பழையவை அட்வர்ஸ் கேஸ், புதியது கிரவுண்ட் கேஸ். அம்மா நீட்டிய பையில் இருந்தது சிறையில் மகனிடம் கொடுத்த புக்லெட். எஃப்.ஐ.ஆர்., வாக்குமூலங்கள், காவலில் வைக்க நீதிமன்றம் போட்ட ரிமாண்ட் உத்தரவு எல்லாம் நகலெடுத்து, பக்க எண் போட்டு, நூலால் தைத்த கட்டு.

"தம்பி, இதுல ஏதாவது இருக்கா பாருங்க. அவனுக்கு இங்கிலீஷ் தெரியாது, எனக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும்" என்றார்.

சீனியர் அதை என் முன் வைத்து, "எண்ணுப்பா" என்றார். எனக்குப் புரியவில்லை. "ஒவ்வொரு இங்கிலீஷ் பக்கத்துக்கும் தமிழ்ப் பக்கம் இருக்கான்னு எண்ணு." ராத்திரி பத்து மணி வரை எண்ணினேன். கிரவுண்ட் கேஸின் ரிமாண்ட் உத்தரவு ஆங்கிலத்தில் ஒரு பக்கம் இருந்தது. அதற்குத் தமிழ் இல்லை. ஆணை போட்ட அதிகாரி தன் காரணங்களில் அந்த ரிமாண்டைத்தான் முக்கியமாகச் சொல்லியிருந்தார். காவலில் இருக்கும் ஆள் ஜாமீனில் வந்துவிடுவார், வந்தால் மறுபடி குற்றம் செய்வார் என்ற முடிவே அதிலிருந்துதான் கிளம்புகிறது.

நான் கேட்டது இப்போது நினைத்தால் சங்கடமாக இருக்கிறது: "சார், ஒரு பக்கம்தானே?" சீனியர் பதில் சொல்லாமல் அலமாரியிலிருந்து ஹரிகிஷன் தீர்ப்பின் நகலை எடுத்துக் கொடுத்தார்.

அந்த வழக்கின் கதை இதுதான். நாக்பூரில் ஒருவரை, குண்டர் சட்டம் போலவே விசாரணை இல்லாமல் அடைத்து வைக்கும் தடுப்புக் காவலில் அடைத்தார்கள். ஆணையும் காரணங்களும் ஆங்கிலத்தில். மொத்தம் பதினான்கு தட்டச்சுப் பக்கம், பதிமூன்று ஆண்டு நடவடிக்கைகளின் பட்டியல், நடுநடுவே பல நீதிமன்ற வழக்குகளின் விவரம். எனக்கு ஆங்கிலம் தெரியாது, இந்தியில் கொடுங்கள் என்று அவர் கேட்டார். கொடுக்கவில்லை. காவல் அதிகாரி ஒருவர் வாயால் மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டார், போதும் என்றார்கள். ஆங்கிலம்தான் ஆட்சிமொழி என்ற வாதம் வந்தது, உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது.

உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அரசியலமைப்பின் 22-ஆவது உறுப்பில், 5-ஆவது உட்பிரிவில் இருக்கும் ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டது: காரணங்களை அவருக்குத் 'தெரிவிக்க' வேண்டும். காகிதத்தைக் கையில் திணிப்பது தெரிவிப்பது ஆகாது. அவருடைய மனதுக்குப் போய்ச் சேர வேண்டும், பதில் எழுதும் அளவுக்குப் புரிய வேண்டும். பதினான்கு பக்கத்தை ஒருமுறை வாசித்துச் சொன்னால் யாருக்கு ஞாபகம் இருக்கும்? அவருக்குப் புரிகிற மொழியில் எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும் என்று சொல்லி அவரை விடுவித்தது.

ஆனால் இந்தக் காரணம் சொல்லும் கடமைக்கு வேர் ஹரிகிஷனுக்கும் முன்னால் இருக்கிறது. 1950-இல், அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த சில மாதங்களிலேயே, கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் தன் தடுப்புக் காவலுக்காகச் சென்னை மாநில அரசை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். அந்த வழக்கை எல்லாரும் தோல்வியாகவே ஞாபகம் வைத்திருக்கிறோம். சட்டம் ஒரு நடைமுறையைச் சொன்னால் போதும், அது நியாயமானதா என்று, உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் காக்கும் 21-ஆவது உறுப்பின் கீழ் கேட்க முடியாது என்று பெரும்பான்மை சொல்லிவிட்டது. நீதிபதி ஃபசல் அலி மட்டும், நடைமுறை என்ற சொல்லுக்குள்ளேயே இயற்கை நீதி இருக்கிறது என்று மாற்றுத் தீர்ப்பு எழுதினார். அவர் சொன்ன திசையில் நீதிமன்றம் வந்து சேர 1978 ஆயிற்று. காரணம் சொல்லாமல் பாஸ்போர்ட்டைப் பறித்ததை எதிர்த்து மேனகா காந்தி போட்ட வழக்கில்தான், நடைமுறை என்றால் அது நியாயமாகவும் நேர்மையாகவும் இருக்க வேண்டும் என்று ஆனது.

பெரும்பாலான கட்டுரைகள் இதோடு நிறுத்திவிடும். எனக்கு முக்கியமாகப் படுவது, கோபாலன் தோற்ற அதே வழக்கில் அவர் ஜெயித்த ஒரு துண்டு. அன்றைய தடுப்புக் காவல் சட்டத்தின் 14-ஆவது பிரிவு, காவலுக்கான காரணங்களை நீதிமன்றத்தில்கூட வெளியிடக் கூடாது என்றது. நீதிபதியே கேட்க முடியாது, வெளியிட்டால் குற்றம். அந்தப் பிரிவு செல்லாது என்பதில் ஆறு நீதிபதிகளும் ஒத்துப்போனார்கள். அது மட்டும் நின்றிருந்தால், அந்த அம்மா கொண்டுவந்த புக்லெட்டை நாங்கள் நீதிமன்றத்தில் பிரித்தே காட்டியிருக்க முடியாது.

இந்த உரிமை எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதை 1976 காட்டியது. நெருக்கடி நிலைக் காலத்தில், அடைக்கப்பட்டவர் நீதிமன்றத்தை நாட முடியுமா என்ற கேள்வியோடு வந்தது ஏ.டி.எம். ஜபல்பூர் வழக்கு. அதற்கு முன் ஒன்பது உயர் நீதிமன்றங்கள் ஆட்கொணர்வு மனுவை விசாரிக்க முடியும் என்று சொல்லியிருந்தன. விசாரணையில் நீதிபதி எச்.ஆர். கன்னா அரசின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரலிடம், ஒரு காவல் அதிகாரி சொந்தப் பகையில் ஒருவரைக் கொன்றுவிட்டாலும் பரிகாரம் இல்லையா என்று கேட்டார். நெருக்கடி நிலை நீடிக்கும்வரை இல்லை என்பதே பதில். அதைக் கேட்ட பிறகும் நான்கு நீதிபதிகள் அரசின் பக்கம் நின்றார்கள். கன்னா ஒருவர் மட்டும் மறுத்தார். மறுவருடம் அவருக்கு வர வேண்டிய தலைமை நீதிபதி பதவியைப் பணிமூப்பில் இளையவருக்குக் கொடுத்தார்கள், அவர் ராஜினாமா செய்தார். 44-ஆவது திருத்தம் வந்து, நெருக்கடி நிலையிலும் 20, 21-ஆவது உறுப்புகளைத் தொட முடியாது என்றானது. ஏ.டி.எம். ஜபல்பூர் தீர்ப்பை 2017-இல் புட்டசாமி வழக்கில் வெளிப்படையாகவே தூக்கியெறிந்தார்கள். அதை எழுதியவர் டி.ஒய். சந்திரசூட். 1976-இல் பெரும்பான்மையில் இருந்த நால்வரில் ஒருவர் அவருடைய அப்பா.

கன்னாவின் தீர்ப்பை நான் பலமுறை படித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கும். ஆனாலும் அம்மாவின் மகனுக்காக நீதிமன்றத்தில் நாங்கள் நீட்டியது ஹரிகிஷனையும், 1999-இல் தமிழ்நாட்டுப் பெண் ஒருவரின் வழக்கில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பையும்தான். அந்தப் பெண்ணும் இதே குண்டர் சட்டத்தில் அடைக்கப்பட்டவர், தமிழ் மட்டும் தெரிந்தவர். அவருக்கும் ரிமாண்ட் உத்தரவின் தமிழாக்கம் தரப்படவில்லை. உச்ச நீதிமன்றம் அதில் ஒரு கோடு போட்டது. காரணங்களில் போகிற போக்கில் குறிப்பிட்ட ஆவணம் வேறு, முடிவுக்கு அடிப்படையாக நம்பிய ஆவணம் வேறு. இரண்டாவது வகையைப் புரிகிற மொழியில் கொடுக்காவிட்டால் ஆணை நிற்காது. எங்கள் வழக்கில் விடுபட்ட ரிமாண்ட் பக்கம் இரண்டாவது வகை.

ஆணை ரத்தானது. நீதிபதிகள் அந்தப் பக்க எண்ணைச் சொல்லி, தமிழாக்கம் தரப்படவில்லை, எனவே முறையீடு செய்யும் உரிமை பாதிக்கப்பட்டது என்று எழுதினார்கள். இரண்டு பக்க உத்தரவு.

இதைச் சொன்னால் உடனே வரும் கேள்வி தெரியும். "ஒரு பக்கம் விட்டுப்போனதுக்காக ரவுடியை வெளியே விடலாமா? இது வெறும் டெக்னிக்கல் பாயிண்ட்தானே?" என் சொந்தக்காரர்களே கேட்டிருக்கிறார்கள். முதலில், ஆணை ரத்தானாலும் அடிதடி வழக்கு அப்படியே இருக்கிறது. அதில் சாட்சி சொல்லி, நிரூபித்து, தண்டனை வாங்கித் தர அரசுக்கு எந்தத் தடையும் இல்லை. ரத்தாவது விசாரணையே இல்லாமல் அடைத்து வைக்கும் அதிகாரம் மட்டும். இரண்டாவது, வழக்கறிஞர், சாட்சி, குறுக்கு விசாரணை என்று எல்லாக் கதவையும் சாத்திவிட்டு ஒரே ஒரு ஜன்னலை மட்டும் சட்டம் திறந்து வைத்திருக்கிறது. அந்த ஜன்னலையும் அடைத்துவிட்டு அதை டெக்னிக்கல் என்று சொல்ல எனக்கு மனம் வராது. விசாரணை இல்லாமல் ஒரு வருடம் ஒருவரை அடைத்து வைக்க ஓர் அரசு விரும்பினால், ஒரு பக்கத்தை மொழிபெயர்க்கும் சிரமத்தையாவது அது பட்டே ஆக வேண்டும்.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். மனு போட்டு, அரசு பதில் தாக்கல் செய்து, முறை வந்து விசாரணை முடிவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். அந்தப் பையன் வெளியே வந்தபோது பன்னிரண்டு மாதத்தில் ஏழு மாதம் முடிந்திருந்தது. அந்த ஏழு மாதத்தை எந்தத் தீர்ப்பும் அவனுக்குத் திருப்பித் தரவில்லை.

வெளியே வந்த வாரமே அம்மாவும் அவனும் அலுவலகத்துக்கு வந்தார்கள். "எந்தப் பக்கம் தம்பி?" என்று அம்மா கேட்டார். எடுத்துக் காட்டினேன். மகன் அந்த ஆங்கிலப் பக்கத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "இதுல என்ன சார் எழுதியிருக்கு?" என்றான். அதுவரை யாரும் அவனுக்கு அதைச் சொல்லியிருக்கவில்லை, நாங்களும்கூட. உட்காரச் சொல்லி, வரி வரியாகத் தமிழில் படித்துக் காட்டினேன். நடுவில் ஓர் இடத்தில் நிறுத்தி, "அந்தத் தேதியில நான் ஊர்லயே இல்லை சார்" என்றான்.

இப்போது எனக்கு ஜூனியர்கள் இருக்கிறார்கள். புக்லெட் வந்தால் எண்ணச் சொல்வேன். எண்ணி முடித்ததும், தமிழ் இல்லாத பக்கங்களை உள்ளே இருப்பவரின் வீட்டாருக்கு அன்றைக்கே படித்துக் காட்டச் சொல்வேன்.