மாண்டிசோரி வகுப்பு: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

பல வருடங்களாக மாண்டிசோரி வகுப்பில், அதாவது பிள்ளைகளே பொருட்களைத் தேர்ந்தெடுத்து, கையால் செய்து கற்கும் வகுப்பில், மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து பழகியவள் நான். அடிக்கடி வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

டீச்சர், இந்த முறை எங்கே ஆரம்பித்தது?

ரோமில், சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் பகுதியில். அப்பா அம்மா வேலைக்குப் போய்விட, பிள்ளைகள் சுவரைக் கிறுக்கிக் குடியிருப்பைப் பாழாக்குகிறார்கள் என்பதுதான் கட்டட உரிமையாளர்களின் கவலை. அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள 1907 ஜனவரி 6 அன்று ஓர் அறை திறந்தார்கள். பொறுப்பேற்றவர் மரியா மாண்டிசோரி, மருத்துவர். மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்குப் பயன்பட்ட கற்றல் பொருட்களை இங்கேயும் கொண்டுவந்தார். ஒருநாள் ஆசிரியை அலமாரியைப் பூட்ட மறந்துவிட்டார். மறுநாள் பார்த்தால் பிள்ளைகளே வேண்டியதை எடுத்து வேலையில் மூழ்கியிருக்கிறார்கள். திருட்டு என்று ஆசிரியைக்குக் கோபம். மாண்டிசோரிக்கோ, எது வேண்டும் என்று இவர்களுக்கே தெரிகிறதே என்று தோன்றியது. பூட்டிய அலமாரி போய், கைக்கெட்டும் தாழ்வான அலமாரி வந்தது இப்படித்தான்.

இஷ்டத்துக்கு விட்டால் பிள்ளை கெட்டுப்போகாதா மேடம்?

இஷ்டத்துக்கு எங்கே விடுகிறோம்! வகுப்பில் ஒவ்வொரு பொருளும் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். இன்னொருவன் வைத்திருந்தால் காத்திருக்க வேண்டும். எடுத்தால் எடுத்த இடத்தில் திருப்பி வைக்க வேண்டும். பெரியவர்களுக்கே வராத பழக்கம் இது.

தப்பு செய்தால் திருத்த மாட்டீர்களாமே?

பொருளே திருத்தும். ஒரு கட்டையில் வெவ்வேறு அளவில் பத்துக் குழி, அவற்றுக்கேற்ற பத்து உருளை. ஒன்றை இடம் மாற்றிப் போட்டால் கடைசி உருளை குழிக்குள் இறங்காது. பிள்ளை முகத்தைச் சுளிக்கும், எல்லாவற்றையும் வெளியே எடுக்கும், மறுபடி தொடங்கும். அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் ஆசிரியர் பயிற்சியிலேயே கஷ்டமான பாடம். எனக்கு இன்னும் முழுசாக வரவில்லை.

மாண்டிசோரி சென்னையில் இருந்தாராமே, உண்மையா அக்கா?

உண்மைதான். ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர 1939இல் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்தார். அடுத்த வருடம் இத்தாலி போரில் இறங்கியதும், எதிரி நாட்டவர் என்று பிரிட்டிஷ் ஆட்சியாளர்கள் மகன் மரியோவைப் பிடித்து முகாமில் வைத்தார்கள்; மாண்டிசோரியையும் சபை வளாகத்தைத் தாண்ட விடவில்லை. மாண்டிசோரியின் எழுபதாவது பிறந்தநாளையொட்டி மகனை விடுவித்தார்கள். அப்புறம் கொடைக்கானலில் இருந்தபோது, கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கான பாடங்களை மகனோடு சேர்ந்து வளர்த்தெடுத்தார். 1946இல்தான் ஐரோப்பா திரும்பினார்.

ஆன்லைனில் 'மாண்டிசோரி பொம்மை செட்' விற்கிறார்களே, வாங்கலாமா?

வேண்டாம். பட்டாணி உரிக்கக் கொடுங்கள். சின்னச் சொம்பிலிருந்து டம்ளருக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள், கூடவே துடைக்க ஒரு துணியும்.

பெயர்ப் பலகையில் 'மாண்டிசோரி' என்று இருந்தால் நம்பலாமா?

அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்கிறார்கள். உள்ளே போய்ப் பாருங்கள். மூன்று வயதும் ஐந்து வயதும் ஒரே அறையில் இருக்கிறதா? நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடித்தால் சந்தேகப்படுங்கள். மூன்று மணி நேரம் இடையூறில்லாமல் விட வேண்டிய இடம் அது.