சிட்டுக்குருவிக்குக் கடைவீதி, வலசைப் பறவைக்குச் சோலை ஓரம்

கேள்வி: ஈரோட்டில் எங்கள் தெருவில் சிட்டுக்குருவியைப் பார்த்து வருடங்கள் ஆகின்றன. பொங்கல் விடுமுறையில் இரண்டு நாள் குன்னூர், கோத்தகிரி பக்கம் வருகிறோம். பத்து வயது மகளுக்குச் சிட்டுக்குருவியையும் வலசைப் பறவைகளையும் காட்ட வேண்டும். எங்கே, எப்போது போகலாம்? என்ன எடுத்து வர வேண்டும்?

பதில்: சிட்டுக்குருவியைத் தேடிக் காட்டுக்குள் போகாதீர்கள். மனிதர் புழங்கும் இடத்தில்தான் அது இருக்கும். காலையைச் சோலை (மலைப் பள்ளங்களில் அடர்ந்திருக்கும் காடு) ஓரத்துக்கு வைத்துக்கொண்டு, மாலை நான்கு மணிக்கு மேல் கடைவீதியில் நில்லுங்கள்; அடையும் முன் ஒரே கூச்சலாக இருக்கும். கடைப் பலகையின் பின்புறம், ஷட்டர் சுருண்டு ஏறும் பெட்டி, ஓட்டுக்கூரை இடுக்கு ஆகியவற்றைப் பாருங்கள். ஆணுக்குத் தொண்டையில் கறுப்புத் திட்டு இருக்கும். பெண் மங்கிய பழுப்பு. செல்போன் கோபுரம்தான் குருவியை விரட்டியது என்பார்கள். அதற்கு உறுதியான சான்று கிடையாது. பெரிய குருவி தானியத்தில் பிழைத்துக்கொள்ளும், குஞ்சுக்குப் புழு பூச்சி வேண்டும். கூடு கட்டப் பொந்தும் பூச்சிக்குச் செடிகொடியும் இல்லாத தெருவில் அது எப்படித் தங்கும்?

வலசைப் பறவைகளுக்குப் பொங்கல் நல்ல சமயம். மழை ஓய்ந்திருக்கும், செப்டம்பர், அக்டோபரில் வந்தவை மார்ச் வரை இங்கேதான். சமவெளிப் பழக்கத்தில் ஐந்தரை மணிக்குப் பிள்ளையை எழுப்ப வேண்டாம். ஜனவரியில் பள்ளங்களில் உறைபனி விழும். வெயில் ஏறிப் பூச்சி அசைந்த பிறகே அதைத் தின்னும் பறவைகளும் வெளியே வரும். ஏழரை முதல் பத்து வரை போதும்.

மகளுக்கு முதலில் சாம்பல் வாலாட்டியைக் காட்டுங்கள். தேயிலைத் தோட்டத்துச் சாலையோர ஓடையில், ஈரக் கல்மேல் நிற்கும். முதுகு சாம்பல், வாலடி மஞ்சள். நீண்ட வால் ஒரு நொடி ஓயாது. நெருங்கினால் கூர்மையாக இரட்டைக் குரல் கொடுத்து, அலை அலையாகப் பறந்து பத்தடி தள்ளி மறுபடி இறங்கும். இமயமலைப் பக்கமிருந்து வரும் இதைப் பைனாகுலர் இல்லாமலே அடையாளம் காணலாம்.

தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்களில் துருதுருவென்று திரியும் இலைக்கதிர்க்குருவிகள் 10 கிராம்கூடத் தேறாது. அவற்றைப் பிரித்தறிவது பழகியவர்களுக்கே தலைவலி. முதல் பயணத்தில் விட்டுவிடுங்கள். அதற்குச் செலவிடும் நேரத்தைக் காஷ்மீர் ஈப்பிடிப்பானுக்குக் கொடுக்கலாம். காஷ்மீரில் குஞ்சு பொரித்துவிட்டு, நீலகிரிக்கும் இலங்கை மலைகளுக்கும் குளிர்காலத்தில் வருவது. ஆணின் செம்மஞ்சள் தொண்டைக்கு இருபுறமும் கறுப்புக் கரை இருக்கும். மர நிழலில் தாழ்வான கிளையில் உட்கார்ந்து வாலைத் தூக்கும். ஊட்டிப் பக்கம் சோலை ஓரங்களில் தேடுங்கள்; கிடைத்தால் அதிர்ஷ்டம்.

பைனாகுலர் 8x42 (8 மடங்கு பெருக்கம், 42 மி.மீ. முன்லென்ஸ்) போதும். 10 மடங்கு பெருக்கம் கேட்க ஆசையாக இருக்கும், ஆனால் சிறு கை நடுங்கும், நிழலில் பறவையைப் பிடிப்பதும் சிரமம். வெள்ளை, சிவப்புச் சட்டை வேண்டாம். செல்போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்கிறார்களே, அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். இரை தேட வேண்டிய பறவை, அந்தக் குரலை நம்பி, இல்லாத எதிரியைத் தேடி அலையும். பொங்கலை ஒட்டி நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பில் சேர்ந்து, பார்த்தவற்றை மகளே இ-பேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் பதியலாம்.

சொந்த வண்டியென்றால் நீலகிரிக்குள் நுழைய இணையவழி அனுமதியான இ-பாஸ் எடுத்துவிடுங்கள். வனத்துறை அனுமதி இல்லாமல் சோலைக்குள் இறங்க வேண்டாம், ஓரச் சாலையே போதும். தேயிலைச் செடிகளுக்கு நடுவே காட்டெருமை நின்றால் தெரியாது. கோத்தகிரிப் பக்கம் கரடியும் உண்டு. விடிவதற்கு முன்னும் இருட்டிய பிறகும் தோட்டப் பாதையில் நடக்காதீர்கள். காட்டெருமை வழியில் நின்றால் படம் எடுக்க நெருங்காமல் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.