சுரங்கத்தில் சென்சார் வைத்தால் சுற்றுச்சூழலுக்கு லாபமா?

டர்பனின் சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு தம்பி கேட்கிறார்: தங்கச் சுரங்கங்களில் சென்சார், கம்ப்யூட்டர் என்கிறார்களே, சுற்றுச்சூழலுக்கு நிஜமாகவே நன்மை உண்டா, வெறும் விளம்பரமா?

உண்டு தம்பி, முக்கியமாகக் கரண்டில். ஜோகன்னஸ்பர்க்குக்கு மேற்கே உள்ள ம்போனெங் சுரங்கம் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் ஆழம். அடியில் பாறை 60 டிகிரிக்கு மேல் கொதிக்கும். மேலிருந்து பனிக்கட்டித் தூளும் தண்ணீரும் கலந்த குழம்பைக் குழாயில் இறக்கி, ராட்சத விசிறிகளால் காற்றையும் தள்ளினால்தான் ஆள் நிற்க முடியும். இப்படிப்பட்ட சுரங்கத்தில் ஆளில்லாத பாதைக்கும் முழுக் காற்று அனுப்புவது தண்டம். தொப்பி விளக்கில் ஆள் எங்கே இருக்கிறார் என்று காட்டும் ஒரு டேக், பாதையில் வாயு சென்சார் இருந்தால், ஆள் இருக்கும் இடத்துக்கு மட்டும் விசிறியைக் கூட்டலாம். வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைத்தாலே மின்செலவு ஏறக்குறைய பாதியாகிவிடும். விசிறியின் கணக்கு அப்படி. நம் தென்னாப்பிரிக்கக் கரண்டில் பெரும்பகுதி நிலக்கரியில் வருவதால் புகையும் குறையும்.

சுரங்கக் கழிவுச் சேற்றைத் தேக்கி வைக்கும் கழிவு அணை விஷயத்தில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. 2022 செப்டம்பரில் யாகர்ஸ்ஃபொன்டெய்னில் வைரச் சுரங்கக் கழிவு அணை உடைந்து, சேறு வீடுகளுக்குள் புகுந்தது. செயற்கைக்கோள் ரேடார் அணைக்கரை சில மில்லிமீட்டர் நகர்ந்தாலே காட்டிவிடும். அதைப் பார்த்துவிட்டு வேலையை நிறுத்தச் சொல்ல ஒருவருக்கு அதிகாரம் இருக்க வேண்டுமே!